இரட்டைக் கோடு

காசிமேட்டில், ஐஸ் உடைக்கும் இரைச்சலுக்கு நடுவே
மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்தார்கள்.
சதுரம் ஆண், வட்டம் பெண்,
பார்வை மங்கியவர்களுக்கு உள்ளே கறுப்பு.

"தாய்மாமனத்தான் கட்டுனேன்" என்றாள் அஞ்சலாட்சி.
இரட்டைக் கோடு இழுத்தேன்.
"எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு ரெண்டு?"
சொந்தம் இல்லையா, என்றேன்.
அதற்கு மேல் நா எழவில்லை.

மூத்தவன் தேசிங்கு இப்போது ராத்திரிக் கடலுக்குப் போவதில்லை.
துறைமுக விளக்குகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாய்க் குறைந்தபோது
கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றே
ரெண்டு வருஷம் நினைத்திருக்கிறான்.

ரத்தக் குப்பிகளுக்கு ஐஸ் அவர்களே தந்தார்கள்,
வஞ்சிரத்துக்குப் போட்டதில் ஒரு கை அள்ளி.

எட்டு மாதம்.
மூவாயிரத்துச் சொச்சம் எழுத்தில்
ஒன்றே ஒன்று மாறிக் கிடந்தது.
ஆய்வகத்தில் இனிப்பு கொடுத்தார்கள்.

திரும்பிப் போனேன், மருந்தொன்றும் இல்லாமல்.
கடைக்குட்டி கோமளத்தின் வட்டம் இன்னும் வெள்ளை.
"அத்த அப்படியே உட்ரு டாக்டரம்மா."

பேசும்போதே கரண்ட் போனது.
கும்மிருட்டில் தண்ணீர்ச் சொம்போடு கோமளம் வந்தாள்,
வலைக்குவியலைச் சுற்றி,
நேராக என் கைக்கு.

பார்த்து வந்தாளா, பழகி வந்தாளா,
கேட்கவில்லை.
குடித்தேன்.