இரண்டு விரற்கடை

சலவைக் கடை மூலையில்
சங்கிலி போட்டுக் கட்டிய தொலைக்காட்சியில்
வளைகுடா அத்தனை நீலம்.
அதன்மேல் வெள்ளையாய் ஒரு கூம்பு:
நுனி நடுக்கடலில்,
அகன்ற வாய் எங்கள்மேல்.

நான்காம் வகை, என்கிறான் கோட்டு போட்டவன்.
பதினொன்றாம் இயந்திரத்தில்
யாருடைய போர்வையோ சுற்றுகிறது
அதுவும் இடஞ்சுழியாய்.

புயலுக்கு இம்முறை க்ளோத்தில்ட் என்று பெயர்.
"என் புருஷனோட மூத்த சம்சாரம் பேரு.
வாசலோட திரும்புற ஆளில்ல" என்று
எர்னஸ்டீன் சிரித்தாள்,
நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

க்ளோவிஸ் நாக்கன் நம்பவில்லை.
தண்ணீர் பாட்டில் விற்கத்தான் இத்தனை கூச்சலாம்.
சொல்லிவிட்டு ஏறிப்போன வண்டியில்
ஒட்டுப்பலகை பதினெட்டு.

இறால் படகு வைத்திருக்கும் திருமதி டாங்
சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொன்னாள்.
ஊமைப் படத்தை இரண்டு நிமிடம் பார்த்தாள்.
ஈரத் துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு
இன்னொரு வடம் கட்டப் போய்விட்டாள்.

ஒஹாயோவிலிருந்து என் மகன்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறான்.
அவன் ஊர்த் தொலைக்காட்சியில்
நாங்கள் ஏற்கெனவே மூழ்கிவிட்டோம்.

பிற்பகலில் அந்த நிருபரே வந்துவிட்டான்.
மடிப்புக்கூடக் கலையாத மஞ்சள் மழைக்கோட்டு.
என் கடை வாசலில் நின்று பேசினான்.
திரையில் என் கதவு, என் விலைப்பலகை,
'சில்லறை கிடையாது' என்ற என் கையெழுத்து.
நான் ஜன்னலருகே கையை உயர்த்தினேன்.
ஏழு நொடி கழித்து
திரைக்குள் ஒருத்தி கையை உயர்த்தினாள்.
என்னைவிட வயதானவள்.

ஊர்ப் பெயரை 'செனியர்' என்றான்.
எர்னஸ்டீன் வெளியே போய்த் திருத்தினாள்:
ஷெ. னீர்.
நன்றி சொன்னான், இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.
ஆறு மணிச் செய்தியில் மறுபடி செனியர்.

இருட்டியதும் காலுறையைக் காயவைக்க உள்ளே வந்தான்.
நாலு காசு போட்டான். வெறுங்காலில்
என் பெஞ்சில் உட்கார்ந்தால் சின்னப் பையன்.
ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டான்.
சொன்னேன்:
மோட்டல் ஒரு ராத்திரிக்கு நூற்று நாற்பது.
நாயைச் சேர்க்க மாட்டார்கள்.
போனமுறை போய்த் திரும்புவதற்குள்
இயந்திரங்களின் செம்பையெல்லாம் உருவியிருந்தார்கள்.
தலையாட்டினான். நிஜமாகவே கேட்டுக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு அதே வாய் சொன்னது:
சிலர் வெளியேற மறுக்கிறார்கள்.

மறுக்கிறார்கள்.
கடையில் அப்போது ஐந்து பேர் இருந்தோம்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நள்ளிரவு தாண்டி கூம்பு கிழக்கே நகர்ந்தது.
க்ளோவிஸ் ஓடிவந்தான்: "சொன்னேனா இல்லையா!"
யாரோ கைதட்டினார்கள்.
புதிய கூம்பின் வாயில் எந்த ஊர் என்று
எர்னஸ்டீன் எழுந்துபோய்
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.
அவள் தங்கை இருக்கும் ஊர்.
தட்டிய கைகள்
எங்கே போவதென்று தெரியாமல்
சட்டைப்பைக்குள் போயின.

பத்தே நிமிடத்தில் வேனும் ஆட்களும் இல்லை.
விளக்குக் கம்பங்கள் நின்ற இடத்தில்
சேற்றில் மும்மூன்று குழிகள்.

இப்போது வரைபடத்தில் நாங்கள்
கோட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே.
விடியற்காலை மழை வந்தது.
பேருக்குக்கூட அது புயல் இல்லை, வெறும் மழை.
கால்வாய் நிறைந்து, கதவிடுக்கில் நுழைந்து,
பதினொன்றாம் இயந்திரத்தின் வாய்வரை ஏறி நின்றது.
திருமதி டாங்கின் படகு
இரண்டு வடத்தோடும் அசையாமல் நின்றது,
அவள் வீடு அப்படி நிற்கவில்லை.

மின்சாரம் வர ஒன்பது நாள்.
முதலில் விழித்தது தொலைக்காட்சிதான்:
கிழக்கே கூரையில்லாத வீடுகள்,
அந்த மஞ்சள் கோட்டு, இப்போது நன்றாகக் கசங்கி.
எர்னஸ்டீன் திரைக்கு ஒரு முழத்தில் நின்று
அவன் முதுகுக்குப் பின்னால் போகிறவர்களை
ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.
அவன் கொஞ்சம் நகர்ந்தால் தெரியும்போலிருந்தது.
"நகருடா" என்றாள்.