இருக்கை 31கே

எக்செல் தாளில் முதல் வரி:
நாள் 0. திருகோணமலை.
சுழியத்தில் தொடங்குவது தொழில் பழக்கம்.
உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில்
ஒன்பது வருடமாக
மற்றவர்களுக்கு நாள் பிரித்துக் கொடுக்கிறேன்:
விடிய ஐந்தரைக்குத் திமிங்கிலம்,
பத்துக்குப் புறாமலை,
வெயில் தாழக் கோணேசர் கோயில்.
கோட்டை வாசலில் மான் வரும்,
கையில் பொலித்தீன் பை வேண்டாம்.

தனியே வரும் பெண்கள்
குரல் தாழ்த்திக் கேட்பதற்கும்
மனப்பாடமாய் ஒரு பதில் உண்டு:
பயமில்லை. ஆனால் ஏழு மணிக்குப் பிறகு
கடற்கரையில் தனியே நடக்காதீர்கள்.

போன கிழமை அதே கேள்வியை
ஹனோயில் ஒரு விடுதிக்கு எழுதினேன்.
மேசைக்குப் பின்னாலிருந்து
யாரோ ஒருத்தி பதில் போட்டிருக்கிறாள்:
பயமில்லை. ஆனால்.

நாள் 1. இரவு பஸ், ஜன்னல் பக்கம்.
குருநாகலில் தேநீர்,
கழிப்பறைக்குச் சில்லறை மாற்றி வைக்க வேண்டும்.
நாள் 2, நாள் 3. ஹனோய்.
நாள் 4. ஹுவேக்கு ரயில், பதின்மூன்று மணித்தியாலம்.
பகலா இரவா என்று
மூன்று நாளாக அழித்து எழுதுகிறேன்.
கார்த்திகையில் அங்கே மழையாம்.
விருந்தாளி என்றால்
‘இப்போது வராதீர்கள்’ என்று எழுதியிருப்பேன்.
இங்கேயும் மழை, அறைகள் காலி,
எனக்கு லீவு கிடைப்பது அப்போதுதான்.

ஸ்காபரோவிலிருக்கும் அண்ணனிடம் கேட்டேன்:
“ஏழு நாடு தாண்டிப் போனனீ, எது வடிவு?”
அவன் சிரித்து முடிய நேரமெடுத்தது.
“லொறிக்குள்ள எல்லா நாடும் கறுப்பு.
ஒரு இடத்தில குளிர். ஒரு இடத்தில
கன நேரம் வெங்காய மணம்.
பேரெல்லாம் ஏஜென்சிக்காரனுக்குத்தான் தெரியும்.”
தாளில் அதை எழுத
ஒரு நிரல் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டு லோஜினி அக்கா
மதிலுக்கு மேலால் கேட்கிறா:
“ஆர் கூப்பிட்டது?”
ஒருத்தருமில்லை.
“அங்க ஆர் இருக்கினம்?”
ஒருத்தருமில்லை.
“பிறகு என்னத்துக்கு?”

விசாப் படிவமும் அதையே கேட்டது,
கொஞ்சம் மரியாதையாக: பயண நோக்கம்.
சுற்றுலா என்பதைத் தட்டுமுன்
விரல் நின்றுவிட்டது.
எங்கள் ஒழுங்கையிலிருந்து போன பதினாறு பேரும்
ஏதோ ஒரு படிவத்தில்
இந்தச் சொல்லைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.
அவர்கள் பொய்யாகச் சொல்லிச் சொல்லித்
தேய்ந்துபோன சொல்.
உண்மையாக எழுதப் போகிறவள் நான்தான் என்றபோது
எனக்கே நம்பிக்கை வரவில்லை.
வங்கிக் கணக்கின் ஆறு மாதத்தையும்
இணைத்தேன், கேட்காத இடத்திலும்.

லோஜினி அக்காவுக்குத் திரும்பும் டிக்கெட்டைக்
கைபேசியில் காட்டினேன்.
கண்ணாடியை எடுத்து வந்து வாசித்தா.
“இது எல்லாரும் காட்டுறதுதானே” எண்டா.

போயிட்டு வாறன் என்று சொல்லித்தான்
எல்லாரும் போனார்கள்.
எனக்கு அந்த ‘வாறன்’ என்பதற்கு
இருக்கை எண் இருக்கிறது: 31கே.
ஜன்னல் பக்கத்துக்கு மேலதிகமாக
மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.

நாள் 7 இன்னும் காலி.
யாருக்கும் நான் காலி நாள் விட்டதில்லை;
காலி நாள் விட்டால் முதலாளி திலகசிறி
படகுக்காரனின் கொமிஷனைச் சொல்லி ஏசுவார்.
அந்தக் கட்டத்தில் மூன்று முறை
ஏதேதோ எழுதி எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் அறைப் பெண் இறங்கி வருகிறாள்,
ஈரத் தலையோடு, வரைபடத்தோடு.
நாளைக்கு என்ன செய்யலாம் என்கிறாள்.
திமிங்கிலம் என்று வாய்வரை வந்தது.

“நாளைக்கு நல்ல காற்று” என்றேன்.
“எழும்பின பிறகு பாருங்கள்.”