திருடன் கோ, வலிமை ஒன்பது

ஆட்டம் தொடங்குமுன்
ஆறு பேரைப் பெற்றெடு என்றது திரை.
பகடையை அதுவே உருட்டும்.
வந்ததை ஏற்பதும்
இன்னொரு முறை உருட்டச் சொல்வதும் என் பாடு.

புக்கிட் பாத்தோக்கில் இரவு பதினொன்றே கால்.
பெயர் கேட்கும் கட்டத்தில்
சிறு கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.
வீரர்களுக்கு வைக்கிற பெயர் எதுவும் வாயில் வரவில்லை;
காலையில் கையெழுத்திட்ட வருகைத்தாள்தான் வந்தது.

ஹ்லா வின்னை மறவனாக்கினேன், வலிமை பதினேழு.
நிஜத்திலும் அவன்
எதிர் எடைக் கட்டியை ஒற்றைக் கையால் நகர்த்துவான்.
பக்கத்தில் நான்.
அலுவலகத்து ரோஸ்னா பூசாரி,
ஜெயசீலனுக்கு வில்,
ஃபைருஸ் மந்திரவாதி, உயிர் இரண்டே இரண்டு புள்ளி.
மேற்பார்வையாளர் கோவைத் திருடனாக்கினேன்.
பகடை அவருக்கு வலிமை ஒன்பது கொடுத்தது.
மாற்றவில்லை.
இடுப்புவலிக்காரர், அது சரிதான்.

கையேடு நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
படிக்காமல் இறங்கினேன்.
மூன்று அடி முன்னே, ஓர் அடி இடப்பக்கம்,
ஒரு கதவு.
உதைத்தேன்.

நான்கு எலிகள்.

எலிதானே என்று நினைத்தேன்,
குப்பைக் குழாயடியில் தினமும் பார்க்கிற எலி.
முதல் கடியிலேயே ஃபைருஸ் போய்விட்டான்.
ரோஸ்னாவுக்கு மந்திரம் தெரியும்,
ஆனால் தூங்கி எழுந்தால்தான் நினைவுக்கு வருமாம்.
அதை நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.
வாள் வாங்கினால் போதாது,
கையில் எடுக்கவும் வேண்டும் என்று
அறுபதாம் பக்கத்தில்.
பைநிறைய வாளோடு
வெறுங்கையாய்ச் செத்தோம்.
கடைசியாக விழுந்தவர் கோ.
நான் எதையும் சேமித்திருக்கவில்லை.

மறுநாள் புளோக் முந்நூற்று நாற்பத்தேழு.
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே
நின்றுபோன மின்தூக்கி.
கோ கோப்பி ஓ உறிஞ்சிக்கொண்டு நின்றார்.
கழுத்தில் எலி கடித்த தடம் இல்லை.
அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சம்.
‘கதவைத் திறக்கும் முன்னால்
கூண்டு அங்கே இருக்கிறதா என்று பார்’ என்றார்,
ஒன்பது வருடமாகச் சொல்லும் அதே வாக்கியம்.
முந்தைய இரவு சொல்லியிருக்கலாம்.

பிறகு கட்டத்தாள் வாங்கினேன்.
ஒரு கட்டம், ஓர் அடி.
நடந்து, வரைந்து,
செத்து, அழித்து, மறுபடி வரைந்து.
ஐந்தாம் நாள் ஓர் எலி செத்தது.
நாற்காலி விழ எழுந்து நின்றேன்.
‘சம்பளம் ஏறிடுச்சா?’ என்றாள் யசோதா
அறையிலிருந்து.
எலி என்றேன்.
‘நம்ம வீட்டிலயா?’

தாள் சட்டைப்பையில் மடிந்து வேலைக்கு வந்தது.
சாப்பாட்டு நேரத்தில் வெளியே விழ,
கோ அதை எடுத்து விரித்தார்.
எந்த புளோக் இது?
லிஃப்ட் இல்லாத புளோக் என்றேன்.
கிரீஸ் படிந்த கட்டைவிரல்
தாளின் நடுவில் இறங்கியது.
‘நாலுக்கு நாலு சும்மா கிடக்கிறது பார்.
சுற்றிலும் சுவர்.
கட்டுகிறவன் எவனாவது இவ்வளவு இடத்தை வீணாக்குவானா?
உள்ளே ஷாஃப்ட் இருக்கும்.’
கோழிச்சோற்றுக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிரவு அந்தச் சுவரை
ஒவ்வொரு பக்கமாக முட்டினேன்.
வடக்கில் ஒன்றுமில்லை, மேற்கிலும் இல்லை.
கிழக்கில் மூன்றாவது கட்டத்தில்
கல் விலகியது.

உள்ளே திரை முழுக்கக் கறுப்பு.
முதலில் சேமித்தேன்.
திருடனை முன்னே அனுப்பு என்கிறது
எழுபத்திரண்டாம் பக்கம்.
கோ வரிசையில் முதலாவதாக நிற்கிறார்,
வலிமை ஒன்பது,
தோல் கவசம், நான்கு உயிர்.
அவர் கண்டுபிடித்த அறை.

கல்லைப் போட்டுப் பார்க்க
ஏதாவது விசை இருக்கிறதா என்று
கையேட்டை
முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன்.