ஐம்பத்திரண்டு

நாற்பத்துநாலில் தொடங்கி அறுபத்திரண்டு வரை
இரட்டைப்படையில் பத்துக் கிண்ணங்கள்.
பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு
விடிவதற்குள் ஹெப்பாள் மேம்பாலம் ஏறிவிடுவேன்.
எந்த இடுப்புக்கு எது என்பது
எக்ஸ்ரேவுக்கே பாதிதான் தெரியும்.

தியேட்டருக்குள் நான் எதையும் தொடக்கூடாது.
சுவரோரம் நின்று லேசர் புள்ளியால் காட்டலாம்:
அந்தத் தட்டில் இரண்டாவது, சிஸ்டர்.
ஜின்சி சிஸ்டருக்கு என் புள்ளி தேவையில்லை.
இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

பச்சைத் துணி நடுவே கைக்குட்டை அகலத்துக்குத் தோல்.
அப்பால் ஒரு முகம் உண்டு என்பது
கேஸ் ஷீட் சொல்லித் தெரியும்:
புட்டதாயம்மா, ஐம்பத்தொன்று, பஸ் கண்டக்டர்,
வலது.

முதலில் தேங்காய் துருவுகிற சத்தம்.
நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது...
குழியின் சுவரில் ரத்தம் துளிர்க்கும்வரை.
ஐம்பத்தொன்றில் நிறுத்தினார் டாக்டர் தேவய்யா.
கிண்ணம் ஐம்பத்திரண்டு.
சிமெண்ட் கிடையாது.
அந்த ஒரு மில்லிமீட்டர் நெரிசல்தான் பிடிமானம்.

சுத்தியலின் முதல் அடிகள்
காலிக் குடத்தில் விழுவதுபோல.
பிறகு எத்தனையாவது அடியில் என்று
இதுவரை எண்ண முடிந்ததில்லை,
சத்தம் கெட்டிப்படும்.
மயக்க டாக்டர்கூட போனிலிருந்து தலையைத் தூக்குவார்.
தேவய்யா கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.
கிண்ணம் அசையவில்லை,
புட்டதாயம்மா மொத்தமாக அசைந்தாள்.

'சாகு' என்றார்.
ஊருக்கு வந்த புதிதில்
இந்தச் சொல்லுக்கு வெலவெலத்திருக்கிறேன்.
கன்னடத்தில், போதும்.

இனி எலும்பு வரவேண்டும்.
கிண்ணத்தின் முதுகில் மணல்தாள் மாதிரி சொரசொரப்பு,
அதன் ஓட்டைகளுக்குள் தானாக வளர்ந்து நுழையவேண்டும்.
ஆறு வாரம், மூன்று மாதம் என்று
என் கையேடு சொல்லும்.
கம்மனஹள்ளியில் என் அறைக்குப்
பதினோரு மாத ஒப்பந்தம்,
இப்போது ஏழாவது.

பெட்டியின் ஸ்டிக்கர் ஒன்று கேஸ் ஷீட்டுக்கு,
ஒன்று பில்லுக்கு.
மிச்ச ஒன்பதும் என்னோடு திரும்பின.

எட்டு மாதம் கழித்து, பைக் சர்வீசில்.
ரிங் ரோடு பஸ்.
டிரைவர் பிரேக் போட்டதில்
எல்லோரும் முன்னால் சரிந்தோம்.
கண்டக்டரம்மா மட்டும் எதையும் பிடிக்காமல்
நின்றபடியே டிக்கெட் கிழித்தாள்.
வலது காலைப் பார்த்தேன்.
அடுத்த ஸ்டாப்பில் அவள் திரும்பி நடந்தபோது
இடுப்பைப் பார்த்தேன்.
சத்தம் கேட்குமோ என்று
காதைக்கூடத் தீட்டியிருப்பேன்.

'முகம் பார்த்துப் பேசுப்பா'
என்றாள் கன்னடத்தில், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பார்த்தேன்.
அதில் எனக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை.
என் டிக்கெட்டைத் திருப்பி
ஏழு ரூபாய் பாக்கி என்று
பின்பக்கத்தில் கிறுக்கிக் கொடுத்தாள்.