ஆறாம் தடம்

மைப்பூ பேருந்துப் பணிமனை, சாந்தியாகோ.
இரவு ஒன்று நாற்பது.
மலை இருக்கும் திசையில் மலை இல்லை,
மூடுபனி.

ஆறாம் தடத்தில் வந்து நிற்கிறது 417.
கூரைமேல் விரலளவு ஆன்டெனா
காற்றிடம் சொல்கிறது:
வந்துவிட்டேன். பதினோரு சதவீதம் மீதி.

ஏழாம் தடத்து சார்ஜர் "வா" என்கிறது.
ஏழில் யாருமில்லை.
இரும்புக் கை மெல்ல இறங்கி
வெறும் பனியைத் தொட்டு
திகைத்து
திரும்ப ஏறுகிறது.

உட்கார்ந்தது ஓரிடம், இலை விழுந்தது வேறிடம்.
முதல் நாள் சிரிப்பு வந்தது.
இன்று ஒன்பதாம் நாள்.

ருபெர்த்தோ ஓட்டுநர் ஜன்னலில் தலை நீட்டி
"ஒடெட், உன் பிள்ளைகளுக்குக் காது மந்தம்" என்கிறான்.
மந்தமில்லை, ருபெர்த்தோ.
எல்லோருக்கும் எல்லாம் கேட்கிறது.
அதுதான் நோய்.

கம்பிக்கு இரண்டே முனை.
செருகினால் பேச்சு, பிடுங்கினால் ஊமை.
காற்றுக்கு முனை ஏது?
முப்பத்தெட்டு பேருந்துகள் ஒரே கொட்டகைக்குள்
யார் நீ, எவ்வளவு தருவாய், எத்தனை மணிக்கு விடுவாய் என
ஒரே நேரத்தில் கேட்க
தகரக் கூரையில் பட்டுத் தெறிக்கும் சொற்கள்
பக்கத்துத் தூணுக்கே முதலில் போய்ச் சேருகின்றன.

கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து
முகவரி மாற்றினேன். கடவுச்சொல் மாற்றினேன்.
ஷென்சென்னுக்கு எழுதினேன். அங்கே பிற்பகல்.
உடனே பதில்: சிக்னலைக் கூட்டிப் பாருங்கள்.
கூட்டினேன்.
நான்கு கைகள் ஒன்றாக இறங்கின.
ருபெர்த்தோ சிரித்ததில் வாயிலிருந்த ரொட்டி சிதறியது.

அப்போது நிலம் லேசாக ஆடியது.
இவ்வளவுக்கெல்லாம் இந்த ஊரில் யாரும் எழுவதில்லை.
தேநீர்க் கோப்பையை மட்டும் பிடித்துக்கொண்டான்.
விளக்குகள் ஊசலாடி ஓய்ந்தன.
"முடிந்ததா?" என்றான்
தொண்டைக்குள்ளேயே.
ஏனோ, ஆடிய பிறகு எல்லோரும் தாழத்தான் பேசுகிறோம்.
எனக்கு மட்டும் கேட்டது.

எனக்கு மட்டும் கேட்டால் போதுமே.

வலுவை இறக்கினேன்.
இருபதிலிருந்து பன்னிரண்டு.
எட்டு.
ஐந்தில்கூட ஏழுதான் முந்திரிக்கொட்டையாய் அசைந்தது.
மூன்று.

417 என்ன சொன்னதோ,
திரையில் பார்த்தால்தான் தெரியும், பார்க்கவில்லை.
தலைக்கு நேர் மேலே
ஆறின் கை இறங்கிக்கொண்டிருந்தது.
உலோகத்தில் உலோகம், சின்னதாய் ஒரு டக்.
பதினோரு சதவீதம் பன்னிரண்டானது.
ஐந்தரைக்கு இதில் ஏறி
ஊர் எழுமுன் அலுவலகங்களைத் துடைக்கப் போகிறவர்கள்
இன்று நடக்க வேண்டாம்.

அறிக்கையில் "காரணம்" என்றொரு கட்டம்.
உரக்கப் பேசியது என்று எழுதி
அடித்துவிட்டு
குறுக்கீடு என்று எழுதினேன்.
மேலாளருக்குப் புரிகிற சொல்.

பன்னிரண்டாம் தடத்தில் 352
இன்னும் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.
வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.