இடது பெடல்

கராஜில் ஐந்து தொங்குகின்றன.
கன்டெய்னரில் இரண்டுக்குத்தான் இடம்,
வாஷிங் மெஷினை விட்டுவிட்டால் மூன்று
என்கிறார் ஃபைசல், அளவு நாடாவைச் சுருட்டியபடி.
துணியைக் கையால் துவைத்துக்கொள்ளலாம், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

தவநேசன் போய் மூன்று மாதம்.
கிறைஸ்ட்சர்ச் தோசைக்கல் மாதிரி, என்கிறான் போனில்,
ஊருக்குள் ஏற்றமே கிடையாது, கியர் எல்லாம் வீண்.
என் கார்பனை மட்டும் எப்படியாவது ஏற்றிவிடு.
ஏழு கிலோ. ஒரு விரலில் தூக்கலாம்.
உண்மைதான்.
இரண்டு வருடமாக அதை ஆணியிலிருந்து
யாரும் தூக்கவில்லை என்பதும் உண்மை.

மலைச் சைக்கிள் என்னுடையது.
கார்க்ளூஃப் காட்டில் ஒரு வேர் என்னைத் தூக்கியெறிந்து
காறை எலும்பு முறிந்த அன்று
இதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.
புதிதாகச் சேர்ந்திருந்த லிண்டிவேக்கு
என் தோளை வைத்தே சொல்லிக்கொடுத்தேன்,
எக்ஸ்ரேக்கு ஆளை எப்படி நிறுத்துவது என்று.
படம் இருக்கிறது. அது கைப்பையில் வரும்,
இடமே அடைக்காது.

சிவப்பு, பதினாறு அங்குலம், தாஷ்மிகாவுடையது.
முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது.
இது உனக்குச் சின்னதாகிவிட்டதே, என்றேன்.
இது அப்படியேதான் இருக்கு, நான்தான் பெரிசாயிட்டேன்.
அதனால்?
அதனால அதுமேல தப்பில்லை.

நான்காவது யாருடையது என்று தெரியாது.
வீட்டை வாங்கும்போதே தொங்கிக்கொண்டிருந்தது.
அவர்கள் பெர்த்துக்குப் போனவர்கள்.

படிவத்தில் சிக்கல் ஐந்தாவதுக்குத்தான்.
வாங்கிய தேதி, என்று ஒரு கட்டம்.
எந்தத் தேதி?
நார்த்டேல் நூலக வாசலில் திருடுபோய்
பத்தொன்பதாம் நாள்
லங்காலிபலேலே தெரு அடகுக்கடை ஜன்னலில் நின்றது,
மணியைக் காணோம், மற்றபடி நலம்.
இது என்னுடையது, என்றேன்.
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், என்றார் கடைக்காரர்.
அறுநூற்றைம்பது ராண்ட். பேரம் பேசி அறுநூறு.
இத்தனை வருடத்தில் நான் பத்திரப்படுத்திய
ஒரே சைக்கிள் ரசீது அது.

ஒரு சிட்டிகை மண்கூட உள்ளே வரக்கூடாதாம் அந்த நாட்டுக்கு.
பழைய டூத்பிரஷ்ஷால் டயரின் பள்ளங்களைத் தேய்க்கிறேன்.
செய்தித்தாளில் உதிர்கிறது:
காட்டுக் கறுப்பு, எங்கள் தெருச் சிவப்பு,
ஒரு பாட்டில் சில்லு, நசுங்கிய ஜகரண்டாப் பூ ஒன்று,
போன அக்டோபரினுடையது.
என் விரல்ரேகையைப் பிரிட்டோரியா பார்த்துக்கொண்டிருக்கிறது,
நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று எழுதித் தர.
ஆக, நாங்கள் எல்லோருமே
சுத்தம்தானா என்று பார்க்கப்படுகிறோம்.
தாளை மடித்து வைத்திருக்கிறேன்.
எந்தக் குப்பைக்கூடையில் போடுவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது.
செல்போனை வாயில் கவ்வி, அந்த வெளிச்சத்தில்
ஸ்பேனரைப் பிடித்தேன்.
வலது பெடல் சொன்னபடி கேட்டது.
இடது அசையவில்லை. எண்ணெய் விட்டேன்,
உதைத்தேன், சுத்தியலால் தட்டினேன்,
கெட்ட வார்த்தையை ஜூலுவிலும் சொல்லிப் பார்த்தேன்.
அவனைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது.
நீ கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறாய், என்றான்.
இடதுக்கு மரை தலைகீழ்.
இரண்டுமே பின்சக்கரத்தைப் பார்த்துத்தான் கழலும்.

கழன்றது.
கையெல்லாம் கிரீஸ்.

எது எது வருகிறது, என்று கேட்டான்.
அறுநூறு ராண்ட், என்றேன். அப்புறம் பதினாறு அங்குலம்.
அதை அவள் ஓட்டவே முடியாதே.
முடியாது.
மலைச் சைக்கிளை லிண்டிவே சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறாள்,
இருக்கையை எவ்வளவு உயர்த்தணும் என்று
இப்போதே கேட்டுவிட்டாள்.
வாஷிங் மெஷின்?
வருகிறது. நீ துவைக்கப் போவதில்லை, தெரியும்.

அப்போ என் கார்பன்?

ஹலோ, என்றேன்.
ஹலோ, இங்கே கரண்ட் இல்லை,
டவர் சரியாகக் கிடைக்கவில்லை.