நோகாது

இருபத்திரண்டு வருசமாய்
குனிந்துகொண்டு நிற்கிறேன்,
பிறர் வாய்களுக்குள்.
கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைச்
சின்னக் கண்ணாடியில் பிடிக்க
இடப்பக்கம் கொஞ்சம் சரியவேணும்.
அந்தக் கொஞ்சம்தான்
நாரியில் ஏறிக் குந்தியிருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம்
கொக்குவில் சனசமூக நிலையத்து மேல்மாடி.
கீழே பேப்பர் புரட்டும் சத்தம்.
புகையிரத நிலையத்தில் ரிக்கற் கொடுக்கும் கோபிதாஸ்
இங்கேயும் கம்பிக்கூண்டுக்குள் இருந்தே பேசுவார்:
"முழங்காலில் நில்லுங்கோ.
முதல்ல நெஞ்சு மேலுக்கு.
பிறகுதான் பின்னுக்கு."
ஒட்டகமாம் இதற்குப் பேர்.
அடுத்த பாயில் தபால்கந்தோர் றெஜினா
முதல் கிழமை முழுக்கச் சிரித்தே கழித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கை குதிக்காலைத் தேடிப் போக,
தலை தன்பாட்டில் பின்னால் விழ,
தொண்டை வெளியே வந்துவிட்டது,
மறைக்க ஒன்றுமில்லாமல்.
மூச்சு நடுவழியில் நின்றது.
பயம்.

அப்போதுதான் விளங்கிற்று
என் கதிரையில் மல்லாந்து
கைப்பிடியை இறுக்குகிறவர்களை.
சுன்னாகத்து வெங்காய வியாபாரி,
ஆறடி மனிதர்,
ஊசியைக் கண்டதும் கண்ணை மூடித்
தன் லொறி இலக்கத்தை முணுமுணுத்தார்.
"நோகாது" என்றேன்.
வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில்
ஆகக் கூடச் சொன்னது அதுதான்.

கோபிதாஸ் அப்படிச் சொல்வதில்லை.
"நோகும்.
நோகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால
நிண்டு மூச்சு விடுங்கோ."

நின்றேன்.
சுவரில் நகைக்கடைக் கலண்டர் தலைகீழாய்,
ஒன்பதாம் திகதி ஆறாகித் தொங்கியது.
விலாவுக்குள், இதுவரை பாவிக்காத
ஏதோ ஒரு மூலையில்
காற்றுப் போய் முட்டியது.
நாலு மூச்சு.
எழும்பி இருந்தபோது கண் கலங்கியிருந்தது,
ஏனென்று கேட்டால் தெரியாது.

ஐந்து மாதம்.
நாரி இன்னும் முற்றாய் மன்னிக்கவில்லை.
குளிசை இல்லாமல் நித்திரை வருகிறது.
பிந்தி வருகிறவர்களில் எரிந்து விழுவது
குறைந்துவிட்டதென்று தாதி சொல்கிறாள்.
றெஜினா குதிக்காலைப் பிடித்துவிட்டாள்.
எனக்கு நாலு விரற்கடை இருக்கிறது,
இருக்கட்டும்.

நேற்று மற்றப் பல்லுக்கு
வெங்காய வியாபாரி வந்தார்.
"நோகுமோ?"
"நோகும்," என்றேன். "மூக்கால மூச்செடுங்கோ."
கண்ணை உருட்டிப் பார்த்தார்.
"அப்ப போனமுறை?"
"போனமுறையும்தான்."

சிரித்துவிட்டார்.
கைப்பிடியில் விரல்கள் தளர்ந்தன,
வாய் தன்பாட்டில் திறந்தது.
நான் குனிந்தேன்,
முதலில்
நெஞ்சை மேலே தூக்கி.